விடுதிக் காய்ச்சலும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கமும்

இரண்டாவது இன்டர்னல் தேர்வுக்கு முந்தின நாள் மதியம் மெஸ்ஸில் வழக்கம்போல இரண்டு கரண்டி சாம்பார் சாதம் சாப்பிட்டேன். மூன்று மணிக்குத் தொடையெலும்பு குடைய ஆரம்பித்தது. ஐந்து மணிக்குப் போர்வைக்குள் பல் தந்தியடித்தது. ஆறு மணிக்கு வார்டன் அக்கா வருகை எடுக்க வந்தபோது கையை மட்டும் வெளியே நீட்டினேன்.

சாதாரணச் சளி இவ்வளவு வேகமாக வராது. சளி என்றால் முதல் நாள் தொண்டை அரிக்கும், மறுநாள் மூக்கு ஒழுகும், மூன்றாம் நாள்தான் உடம்பு சரியில்லை என்று நாமே ஒத்துக்கொள்வோம். ஃப்ளூ மதியம் சிரித்துக்கொண்டிருந்தவளை மாலைக்குள் அடித்துப் போட்டுவிடும். காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி, வறட்டு இருமல், கண்ணைத் திருப்பினால்கூட வலி. மூக்கு ஒழுகுவதெல்லாம் இதில் இரண்டாம் பட்சம்.

அப்போது நான் கோயம்புத்தூரில் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு. நான்கு கட்டில் போட்ட அறை, ஒரே ஜன்னல், அடுப்பு கூடாது, கெட்டில் கூடாது, இரவு ஒன்பதரைக்கு கேட் பூட்டு. சொந்த ஊர் பழனிப் பக்கம். இப்போது அதே கோவையில் எம்.எஸ்சி. முடிக்கப்போகிறேன். இடையில் இன்னொரு முறையும் எனக்கு ஃப்ளூ வந்து போனது, அறைத்தோழிகள் மூன்று பேரைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறேன். ஐப்பசி மழையில் முதல் காய்ச்சலை அம்மா பக்கத்தில் இல்லாமல் சமாளிக்கப்போகும் தங்கச்சி தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் ஓட வேண்டிய கட்டம் எது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மாத்திரைக்கு முன்னால் பேனா

அன்று இரவு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறரைக்கு எதிர்க் கட்டில் தென்காசிக்காரி ஒரு டோலோ 650, அதாவது 650 மில்லிகிராம் பாரசிட்டமால் மாத்திரை கொடுத்தாள். விழுங்கினேன். எட்டரைக்குப் பக்கத்து அறை அக்கா வந்து பார்த்துவிட்டு, 'இது சளிக் காய்ச்சல்தான், இதைப் போடு' என்று ஒரு சளி மாத்திரை கொடுத்தார். விழுங்கினேன். பத்தரைக்கு லேபிலிருந்து திரும்பிய மூன்றாவது கட்டில்காரி, பாவம், என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துப் பதறிப்போய் அவள் பங்குக்கு ஒரு 650 கொடுத்தாள். அதையும் விழுங்கினேன். மூன்று பேருக்கும் அன்பு. ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. எனக்கோ மணி என்ன என்பதே தெரியவில்லை.

நள்ளிரவு பாத்ரூம் போக எழுந்தேன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், ஈரத் தரையில் கன்னம் ஒட்டிக் கிடந்ததும், வெளியே யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்ததும். வாளி விளிம்பில் இடித்த தழும்பு இன்னும் புருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மறுநாள் மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் படித்தபோதுதான் கணக்கு புரிந்தது. பெரும்பாலான சளி மாத்திரைகளுக்குள்ளும் பாரசிட்டமால் இருக்கிறது. நான் போட்டதில் 500 மில்லிகிராம். ஆக 650, 500, 650: நான்கு மணி நேரத்தில் 1,800 மில்லிகிராம். கூடவே, சளி மாத்திரையில் தூக்கம் வரவைக்கும் மருந்து ஒன்றும் சேர்ந்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை. விழாமல் என்ன செய்வேன்?

அதனால்தான் பேனாவை முதலில் எடுக்கச் சொல்கிறேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு கட்டம் போடுங்கள்: மணி, சூடு, மாத்திரை, தண்ணீர். செல்போனில் எழுதாதீர்கள், நீங்கள் தூங்கும்போது பக்கத்துக் கட்டில்காரிக்கு அதைத் திறக்க முடியாது. நோட்டு தலைமாட்டில் திறந்தே கிடக்க வேண்டும். மாத்திரை கொடுக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று அறையில் சொல்லிவையுங்கள். காய்ச்சல் மண்டைக்குள் மணிக்கணக்கு நிற்காது. ஒரு நாள் இரண்டு நாளாகத் தோன்றும், ஒரு மணி நேரம் ஐந்து நிமிடமாகத் தோன்றும்.

சூடு பார்க்க நெற்றியில் வைக்கும் கை போதாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று அறைக்குப் பொதுவாக இருக்கட்டும், நான்கு பேரும் பங்கு போட்டால் பெரிய செலவில்லை. நாக்குக்கு அடியில் வைப்பதென்றால் சூடாக எதுவும் குடித்துக் கால் மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சுக்குக் காப்பி குடித்த வாயில் வைத்துவிட்டு 103 என்று ஒருத்தி அலறியிருக்கிறாள். அக்குளில் வைத்தால் வாயில் காட்டுவதைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி குறைத்துக் காட்டும். எங்கே வைத்தாலும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வையுங்கள். 100.4 டிகிரி தொட்டால்தான் காய்ச்சல் என்று கணக்கு.

எது போடலாம், எது கூடாது

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் ஒன்று போதும். இரண்டு மாத்திரைக்கு நடுவே ஆறு மணி நேரம் இருக்கட்டும், 24 மணி நேரத்தில் நான்குக்கு மேல் வேண்டாம். 650 என்றால் நான்குக்கு 2,600 மில்லிகிராம் ஆகிறது. இதற்கு மேல் கூட்டிக்கொண்டே போனால் அடி வாங்குவது கல்லீரல். விடுதியில் பாதிப் பேர் நாற்பது கிலோவைச் சுற்றித்தான் இருப்போம். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. நாற்பது கிலோவுக்கு அது 400-இலிருந்து 600. ஆகவே ஒல்லிக்குச்சிகளுக்கு 500 மாத்திரையே போதும். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, 100, 101 இருந்தும் உடம்பு தாங்குகிறது என்றால் மாத்திரை போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. அது காய்ச்சலின் காரணத்தைத் தீர்ப்பதில்லை, படுத்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் லேசாக்குகிறது, அவ்வளவுதான்.

சரி, கூடாதது எது? பெண்கள் விடுதியில் எல்லார் பையிலும் மாதவிலக்கு வலிக்கென்று மெஃபனமிக் அமிலம் சேர்ந்த மாத்திரை ஓர் அட்டை இருக்கும். 'உடம்பு வலிக்கும் இதே கேட்கும்' என்று தூக்கிக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். நம்மூரில் ஃப்ளூ சுற்றும் அதே மழைக்காலத்தில்தான் டெங்குவும் சுற்றுகிறது. முதல் இரண்டு நாள் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். டெங்குவாக இருந்துவிட்டால் மெஃபனமிக் அமிலம், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எல்லாமே ரத்தக்கசிவை அதிகப்படுத்தக்கூடியவை. 'உடம்பு வலி மாத்திரை' என்று கடையில் கேட்டால் பாரசிட்டமாலோடு அசெக்ளோஃபினாக் சேர்ந்தது கிடைக்கும், அதுவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாரசிட்டமால் மட்டும். பதினெட்டு முடியாத முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஃப்ளூவில் ஆஸ்பிரின் எந்தக் கணக்கிலும் ஆகாது.

கடைக்காரரிடம் 'காய்ச்சல், சளி, மூணு நாளைக்குக் குடுங்க' என்று நீங்கள் கேட்டால் அவர் ஒரு காகித உறையில் நான்கு நிற மாத்திரைகளைப் போட்டுத் தருவார். எனக்கும் தந்தார்கள். அதில் ஒன்று ஆன்டிபயாட்டிக். ஃப்ளூ வைரஸால் வருவது, ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். இங்கே அதற்கு வேலையே இல்லை. வயிற்றுப்போக்கு ஒன்று கூடுதலாக வந்து சேர்ந்ததுதான் மிச்சம். பெயர் தெரியாத மாத்திரையை விழுங்காதீர்கள், உறையில் வேண்டாம், அட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.

ஃப்ளூவுக்கென்றே ஒசல்டாமிவிர் என்று வைரஸ் மருந்து ஒன்று இருக்கிறது. டாக்டர் எழுதிக்கொடுத்தால்தான் வாங்க வேண்டும். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். ஆரோக்கியமாக இருக்கும் இருபது வயதுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்கக் கூடாது. முதல் நாளே டாக்டரிடம் போய்விடுங்கள்.

கெட்டில் இல்லாத கஞ்சி

'லங்கணம் பரம ஔஷதம்' என்று எங்கள் ஆத்தா சொல்லும். பட்டினி கிடந்தால் காய்ச்சல் தானாகப் போகும் என்பது அதன் கட்சி. பசி இல்லாதபோது சோற்றைத் திணிக்க வேண்டாம் என்ற அளவுக்குச் சரி. ஆனால் தண்ணீரையும் சேர்த்து விட்டுவிடுவதுதான் நம் ஆட்கள் செய்யும் தப்பு. காய்ச்சலில் வியர்வையிலும் மூச்சிலும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். ஒரு லிட்டர் பாட்டிலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, அது காலியாகும்போதெல்லாம் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். கஞ்சி, ரசம் எல்லாம் சேர்த்து இரண்டரை, மூன்று லிட்டர் உள்ளே போனால் நல்லது. குறைகிறதா என்று சிறுநீரின் நிறமே சொல்லிவிடும். வெளிர் மஞ்சள் என்றால் சரி. நல்லெண்ணெய் நிறத்தில் போனால் உடனே எழுந்து குடியுங்கள்.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ சேர்ந்தால் ஓஆர்எஸ் பொடி வேண்டும். பாக்கெட்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழச்சாறு மாதிரி அட்டைப் பெட்டியில் வந்த இனிப்புத் தண்ணீரையெல்லாம் இதே பெயரில் விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த அளவில் இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். டம்ளரில் அரைப் பாக்கெட், உத்தேசமாக ஒரு சிட்டிகை என்பதெல்லாம் கூடாது, உப்பு அளவு மாறிவிடும். கரைத்தது ஒரு நாளைக்குத்தான். பொடி கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

இனி கஞ்சி. மெஸ்ஸில் காய்ச்சல்காரிக்கென்று தனியாக அடுப்பு மூட்டமாட்டார்கள். ஆனால் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கேட்டால் இல்லை என்று சொல்லவும்மாட்டார்கள். இதற்கு நான் கண்டுபிடித்த வழி ஃபிளாஸ்க் கஞ்சி. ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் சொல்லிப் பச்சரிசி நொய்யை வாசம் வரும்வரை வறுத்து, ஒரு கை சீரகமும் சேர்த்து டப்பாவில் வாங்கி வந்துவிடுவேன். முக்கால் லிட்டர் ஸ்டீல் ஃபிளாஸ்க்கில் முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட வேண்டும், உள்ளே சூடேறத்தான். அப்புறம் ஒரு பிடி நொய், கால் டீஸ்பூன் உப்பு. அதன்மேல் அடுப்பிலிருந்து இறக்கியவுடன் தளதளக்கும் தண்ணீர், கழுத்துக்கு இரண்டு விரல் கீழே வரை. மூடி, நாலு குலுக்குக் குலுக்கி, போர்வைக்குள் சுற்றிப் படுக்க வைத்துவிடுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் புரட்டுங்கள், இல்லாவிட்டால் நொய் அடியில் கட்டிக்கொள்ளும். மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தால் சீரக வாசத்தோடு குழைந்த கஞ்சி ஆவி பறக்க நிற்கும். ஆறிய, இளஞ்சூட்டுத் தண்ணீரில் இது வேகாது. அதற்கு அவல் நனைத்துக்கொள்ளலாம். கஞ்சியை அன்றைக்கே முடித்துவிடுங்கள், ஃபிளாஸ்க்கை உடனே கழுவுங்கள். கழுவ மறந்து இரண்டு நாள் கழித்துத் திறந்த அனுபவம் பற்றிக் கேட்காதீர்கள்.

தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய். காய்ச்சலில் நாக்கு கசந்து எதுவும் பிடிக்காதபோது அது ஒன்றுதான் வாய்க்கு வழங்கும். மெஸ் ரசத்தை வடிகட்டிக் குடித்தாலும் மிளகுக் காரத்துக்கு மூக்கு கொஞ்சம் திறக்கும். இளநீர் நல்லது. மாடிப்படி இறங்கிப் போய் வாங்க ஆள் இருந்தால்.

தொண்டை, மூக்கு, இருமல்

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளித்தால் தொண்டை எரிச்சல் அடங்கும். இருமலுக்குத் தூங்கப்போகுமுன் ஒரு டீஸ்பூன் தேன் போதும். கடையில் வாங்கும் இருமல் டானிக் பலவற்றைவிட மோசமில்லை என்பது என் முடிவு, ருசியும் கூடுதல். கற்பூரவள்ளி, துளசிக் கஷாயம், தூதுவளை ரசம் எல்லாம் இதமாக இருக்கும், குடிக்கலாம். அவை வைரஸை விரட்டிவிடும் என்று நம்பி மற்றதை விட்டுவிடாமல் இருந்தால் சரி. டெங்குக் காலத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே ஊற்றிக் கொடுக்கும் நிலவேம்புக் குடிநீரைப் பற்றியும் இதையேதான் சொல்வேன். கூட இருக்கலாம், ரத்தப் பரிசோதனைக்குப் பதிலாக இருக்க முடியாது.

ஆவி பிடிப்பதில் ஓர் எச்சரிக்கை. மூக்கடைப்புக்கு அது சுகம்தான். ஆனால் விடுதிக் கட்டிலில், மடியில் வெந்நீர்ப் பாத்திரம் வைத்துக்கொண்டு, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, காய்ச்சல் தள்ளாட்டத்தோடு ஆவி பிடிக்கவே பிடிக்காதீர்கள். எங்கள் மாடியில் ஒருத்திக்குத் தொடை வெந்துபோனது. தரையில் சம்மணமிட்டு, பாத்திரத்தைச் சுவரோரம் வைத்து, பக்கத்தில் ஒருத்தி இருக்கும்போது பிடியுங்கள். அதற்கும் வசதியில்லை என்றால் கடையில் உப்புத் தண்ணீர் மூக்குச் சொட்டு மருந்து கிடைக்கும், அதுவே போதும். அடைப்பைச் சட்டென்று திறக்கும் ஆக்ஸிமெட்டாசொலின் வகைச் சொட்டுகள் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். பழகிவிட்டால் விட்டவுடன் மூக்கு முன்பைவிட அதிகமாக அடைத்துக்கொள்ளும்.

காய்ச்சல்காரி குளிக்கலாமா? அம்மா போனில் கேட்கும் முதல் கேள்வியே 'தலைக்கு ஊத்துனியா?' என்பதுதான். தலைசுற்றல் இல்லை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்புக்கு மட்டும் ஊற்றிக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது. சுற்றல் இருந்தால் ஈரத்துண்டால் துடைத்துக்கொள்வது மேல். ஐஸ் தண்ணீர் ஒத்தடம் வேண்டாம், நடுக்கம்தான் அதிகமாகும். பாத்ரூம் போகும்போது தாழ்ப்பாளைப் போடாதீர்கள், ஒருத்தியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இதை என் புருவத்தைத் தடவிக்கொண்டே எழுதுகிறேன்.

நான்கு கட்டில், ஒரே காற்று

ஃப்ளூ அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலிருந்தே தொற்ற ஆரம்பிக்கிறது. பிறகும் ஐந்து முதல் ஏழு நாள் வரை தொற்றும். அதனால் நீங்கள் படுக்கும்போதே அறையில் பாதிப் பேருக்குக் கொடுத்து முடித்திருக்கலாம். அதற்காக விட்டுவிடவும் முடியாது. ஜன்னலோரக் கட்டிலைக் காய்ச்சல்காரிக்குக் கொடுங்கள், மழைச்சாரல் அடிக்காத நேரமெல்லாம் ஜன்னல் திறந்திருக்கட்டும். 'பனிக்காத்து ஆகாது' என்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டு நான்கு பேர் ஒரே மூச்சை மாற்றி மாற்றி விடுவதுதான் ஆகாது. தலையை மாற்றிப் படுங்கள், பக்கத்துக் கட்டிலில் தலை இருக்கும் பக்கம் உங்கள் கால். அறையில் ஆள் இருக்கும்போது மாஸ்க், தனி டம்ளர், தனித் துண்டு, அடிக்கடி சோப்புப் போட்டுக் கைகழுவல். ஸ்விட்ச், கதவுப்பிடி, சார்ஜர் மூன்றையும் துடையுங்கள்.

நான் மறுநாள் 101 டிகிரியோடு இன்டர்னல் எழுதப் போனேன். 50-க்கு 19 வாங்கினேன். அதைவிட மோசம், அடுத்த வாரம் என் பெஞ்சில் மூன்று பேர் வரவில்லை. மாத்திரை போடாமலேயே முழுதாக 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் வகுப்புக்குப் போக வேண்டும். மாத்திரை போட்டுச் சூட்டை அமுக்கிவிட்டுப் போவது கணக்கில் சேராது.

வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றும். உச்சக் காய்ச்சலில் மூன்று மணி நேர பஸ் பயணம் உங்களுக்கும் வேதனை, பக்கத்து இருக்கைக்காரருக்கும் கேடு. வீட்டில் தாத்தா பாட்டி, கைக்குழந்தை இருந்தால் இன்னும் யோசியுங்கள், ஃப்ளூ கடுமையாகத் தாக்குவது அவர்களைத்தான். ஆனால் வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். 'நல்லாத்தான்மா இருக்கேன்' என்று நான் இழுத்தபோது மறுமுனையில் ஒரு கணம் சத்தமே இல்லை. அப்புறம், 'குரல் ஏன் கம்மிக் கெடக்கு?' என்றது அம்மா. மறைத்துப் பயனில்லை.

எப்போது ஆஸ்பத்திரி

மழைக்காலம் என்றால், காய்ச்சல் மூன்றாம் நாளும் இறங்காதபோது ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். டெங்குவைக் கண்டுபிடிக்கும் என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாளுக்குள்தான் நன்றாகக் காட்டும். அரசு மருத்துவமனையிலும் நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் காசில்லாமல் பார்க்கிறார்கள். 2023 மார்ச்சில் எச்3என்2 ஃப்ளூ பரவியபோது தமிழ்நாடு முழுக்கக் காய்ச்சல் முகாம் போட்டார்கள். அப்படி முகாம் நடக்கும் சமயமாக இருந்தால் இன்னும் சுலபம்.

மூச்சு வாங்குவது, நெஞ்சில் வலி அல்லது அழுத்தம், பேச்சு குழறுவது, எழுப்பினால் சரியாக எழாதது, எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகாதது, நீலம் பாய்ந்த உதடு, வலிப்பு, 104-ஐத் தாண்டும் சூடு: இவற்றில் எது வந்தாலும் நோட்டும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம், 108. கேட் பூட்டியிருந்தாலும் வார்டனை எழுப்புங்கள், திட்டினால் திட்டட்டும். யாரிடமாவது ஆக்ஸிமீட்டர் இருந்து அது 94-க்குக் கீழே காட்டினாலும் அப்படித்தான். மருதாணியோ நெயில் பாலீஷோ இல்லாத விரலில் போட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் தப்பாகக் காட்டலாம்.

இரண்டு ஏமாற்று வேலைகள் உண்டு. ஒன்று, ஃப்ளூ குறைந்து இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி காய்ச்சலும் சளியோடு இருமலும் ஏறுவது. அது நிமோனியாவாக இருக்கலாம். இன்னொன்று டெங்குவுக்கே உரியது. காய்ச்சல் இறங்கியவுடன் 'அப்பாடா' என்று எல்லாரும் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள், ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுப்போவது என்று ஏதாவது வந்தால் உடனே ஆஸ்பத்திரி. அவ்வளவு அவசரமில்லை, ஆனால் யாரையாவது கேட்க வேண்டும் என்றால் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம்.

போகும்போது அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழித்துக் கொண்டுபோங்கள். 'எப்பலேர்ந்து காய்ச்சல், என்ன சாப்பிட்ட?' என்று டாக்டர் கேட்டதும் நான் காகிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு, 'கணக்குப் பாடமா?' என்று கேட்டார்.

வருகைப் பதிவும் மிச்சமும்

ஓபி சீட்டைத் தொலைக்காதீர்கள். பல கல்லூரிகளில் 75 சதவீத வருகை இல்லாவிட்டால் செமஸ்டர் எழுத விடமாட்டார்கள். குறைந்தால் மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். காய்ச்சல் போய் இரண்டு வாரம் கழித்துச் சான்றிதழுக்கு அலைவதைவிட, படுத்த முதல் நாளே துறைத் தலைவருக்கும் வகுப்பு ஆலோசகருக்கும் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுவது நல்லது. அதில் தேதியும் ஓபி சீட்டின் படமும் இருந்தால் போதும், உருக்கம் வேண்டாம்.

காய்ச்சல் மூன்று நான்கு நாளில் விடும். அசதி விடாது. இரண்டு மாடி ஏறினால் மூச்சிரைக்கும், பத்துப் பக்கம் படித்தால் கண் சொருகும், ஒரு வாரம் அப்படித்தான். ஷட்டில், ஜிம் எல்லாவற்றையும் அதுவரை தள்ளிவையுங்கள். இருமல் இரண்டு வாரம்கூட இழுக்கும். இரண்டு வாரத்தைத் தாண்டினால் வெட்கப்படாமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், காசநோய் இல்லை என்று தெரிந்துகொள்ள. அதுவும் அரசு மருத்துவமனையில் இலவசம். ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுக்கு ஒன்று போட வேண்டும், வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால். போட்ட பிறகு பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும், எனவே ஐப்பசி மழைக்கு முன்னால் புரட்டாசியிலேயே போட்டுவிடுங்கள். நான் இப்போது போட்டுக்கொள்கிறேன், கூட இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போகிறேன்.

பிஸ்கட் டப்பா ஒன்றில் தெர்மாமீட்டர், பாரசிட்டமால் ஓர் அட்டை, ஓஆர்எஸ் நான்கு, உப்பு, சின்னத் தேன் பாட்டில், மாஸ்க், வறுத்த நொய், பேனா. எங்கள் அறையில் அது அலமாரிக்கு மேல் இருந்தது. நான் எழுந்து நடமாட ஆரம்பித்த அன்று மாலை, எதிர்க் கட்டிலில் தென்காசிக்காரி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, 'லேசாத்தான் தலைவலி' என்றாள். தொடையெலும்பு வலிக்கிறதா என்று கேட்டேன். பதில் இல்லை. டப்பாவை இறக்கி, நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி, நான்கு கட்டம் போட்டேன்.